அம்மம்மாவின் தாலாட்டும் மூன்று சுரங்களும்

பாடசாலை விடுமுறைக் காலத்தில் மாணவர் ஒருவர் ஆசிரியரின் வீட்டுப் படலையைத் திறந்து வருவது அருமை. வந்தாரெனில் அவருக்கு ஏதோ இடுக்கண் நேர்ந்துவிட்டது என்றே கொள்ளலாம். சென்ற ஆவணி மாதத்தில் ஒரு மாலைப்பொழுது, எம்மிடம் உயர்தர வகுப்பிற் பௌதிகவியல் பயின்று வெளியேறிய இளைஞனொருவன், மடிக்கணினியைக் கக்கத்தில் இடுக்கியபடி வந்து நின்றான்.

"சேர், அம்மம்மாவின்ரை பாட்டுக்குக் கோர்ட் போட்டனான். சரிவரேல்லை. ஒருக்காக் கேட்டுப் பாருங்கோ" என்றான்.

கோர்ட் என்றதும் வாசகர்கள் நீதிமன்றத்தை நினைந்து அஞ்ச வேண்டா. மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட சுரங்களை ஒருங்கே ஒலிக்கச் செய்வதனை மேனாட்டு இசையில் அவ்வாறு வழங்குவர். நாம் அதனைச் சுரக்கூட்டு என்று சொல்லிக்கொள்வோம். எமது கர்நாடக இசை ஒரு சுரத்தின்பின் ஒரு சுரமாக, ஒற்றை வழியிற் செல்வது. சுரக்கூட்டோ பலர் ஒரே வேளையில் வாய் திறப்பது போன்றது. திறந்த வாய்கள் ஒன்றையொன்று மதித்தால் அது சபை. மதியாவிட்டால் அது சந்தை.

அவன் கொண்டுவந்தது சந்தையாகவே இருந்தது.

விடயம் இதுதான். அவனுடைய தமக்கை கனடாவில் வாழ்கின்றாள். அவளுக்கு முதற் குழந்தை பிறந்திருக்கின்றது. எண்பத்துநான்கு வயதான அம்மம்மாவுக்குக் கடல் கடந்து சென்று, பூட்டப்பிள்ளையை மடியிற் கிடத்தித் தாலாட்ட வலு இல்லை. ஆகவே அவரைப் பாடச் செய்து கைத்தொலைபேசியிற் பதிந்து, கணினியில் மின்னிசைப் பின்னணி சேர்த்து அனுப்புவது என்று பேரன் கருதினான். கணினியில் இசையமைக்கப் பழகத் தொடங்கி அவனுக்கு மூன்று மாதமே ஆகியிருந்தது. இணையத்தில் ஆயத்தமாகக் கிடைக்கும் சுரக்கூட்டுப் பொதி ஒன்றை இறக்கி, அதிற் "சோகம்" என்று பெயரிடப்பட்டிருந்த வரிசையை எடுத்துப் பாட்டின் அடியில் வைத்துவிட்டான். அம்மம்மாவின் குரல் கணினியின் சுருதியோடு ஒட்டாமையால், சுருதி திருத்தும் செயலி ஒன்றைக் கொண்டு அக்குரலையும் "திருத்தி"விட்டான்.

"அம்மம்மா கேட்டவவோ?" என்று வினவினோம்.

அவன் தலை குனிந்தான். "கேட்டவ. 'ஆர் மோனை இது பாடுறது?' எண்டு கேட்டவ."

எமக்கு இளமையிற் சில ஆண்டுகள் வாய்ப்பாட்டுப் பயின்ற பழக்கமும், வகுப்பில் ஒலியியல் கற்பிக்கும் பழக்கமும் உண்டேயன்றி, மின்னிசை புதிது. ஆயினும் தன் குரலைத் தானே இனங்காண முடியாத ஒரு பாட்டைக் குழந்தைக்கு அனுப்பலாகாது என்பதற்கு மின்னிசை தெரிய வேண்டியதில்லை. "இரு தம்பி, இருவருமாகப் பழகிப் பார்ப்போம்" என்று கணினியைத் திறக்கச் சொன்னோம்.

எண்ணத் தெரிந்தாற் போதும்

சுரக்கூட்டைக் கட்டுவது மந்திரமன்று, எண்ணுவது. ஒரு தாயியில் உள்ள பன்னிரண்டு சுரத்தானங்களும், பியானோவிலும் ஹார்மோனியத்திலும் கறுப்பும் வெள்ளையுமாக உள்ள பன்னிரண்டு கட்டைகளும் எண்ணிக்கையில் ஒன்றே. ஏதேனும் ஒரு கட்டையைச் சட்சமாகக் கொள்ளுங்கள். அதிலிருந்து கறுப்பு, வெள்ளை என்று பாராது நான்கு கட்டை மேலே எண்ணினால் அந்தர காந்தாரம் வரும். அங்கிருந்து மூன்று கட்டை எண்ணினாற் பஞ்சமம். இம்மூன்றையும் சேர்த்து ஒலித்தால் அது "மேஜர்" என்னும் கூட்டு. முதலில் மூன்று, பின்னர் நான்கு என்று மாற்றி எண்ணினால், சட்சமும் பஞ்சமமும் இருந்த இடத்திலேயே இருக்க, நடுவிலுள்ள காந்தாரம் மட்டும் ஒரு கட்டை இறங்கிச் சாதாரண காந்தாரம் ஆகின்றது. அது "மைனர்" என்னும் கூட்டு.

கணினிக்கு இவ்விரண்டும் வெறும் எண்களே. மின்னிசைக் கருவிகள் தம்முட் பேசிக்கொள்வதற்கு 1983ஆம் ஆண்டில் ஏற்படுத்தப்பட்ட மிடி என்னும் பொதுமொழியில், பியானோவின் நடுப்பகுதியிலுள்ள "சி" என்ற கட்டைக்கு எண் 60. அதன்மேல் மேஜர் என்பது 60, 64, 67. மைனர் என்பது 60, 63, 67. வேறுபாடு ஒரே ஓர் எண்தான். ஆயினும் அந்த ஓர் எண்ணிலேதான் பாட்டின் முகம் மாறுகின்றது.

எமது இளைஞன் தவறியதும் அங்கேதான். அம்மம்மாவின் தாலாட்டில் நீலாம்பரியின் சாயல் இருந்தது. நீலாம்பரி, இருபத்தொன்பதாவது மேளமாகிய சங்கராபரணத்திற் பிறந்தது. அந்தர காந்தாரத்தை உடையது. பேரனின் பொதியிலிருந்த "சோகம்" மைனர்க் கூட்டு. சாதாரண காந்தாரத்தை உடையது. மூதாட்டி ஒரு காந்தாரத்தில் நிற்க, இயந்திரம் அதற்கு அடுத்த கட்டையில் நின்று முரண்டு பிடித்தது. பாட்டியின் குரல் பிழைத்தது போலக் கேட்டது. உண்மையிற் பிழைத்தவர் பாட்டியல்லர்.

நாம் பொதியை மூடச் செய்து, "பியானோச் சுருள்" எனப்படும் திரையைத் திறக்கச் சொன்னோம். முற்காலத்தில் தானாக வாசிக்கும் பியானோக்களினுள்ளே துளையிட்ட காகிதச் சுருள்கள் சுழன்றன. அவற்றின் நினைவாகவே இத்திரைக்கு அப்பெயர். இடப்பக்கத்திற் கட்டைகள் நெடுக்காக நிற்கும். வலப்பக்கத்திற் கட்டமிட்ட வெளி. அதில் எந்த உயரத்திற் கோடிழுக்கின்றோமோ அந்தச் சுரம் ஒலிக்கும். முதலிற் சட்சமும் பஞ்சமமும் மட்டும் இழுப்பித்தோம். பின்னர் நடுவிற் காந்தாரக் கோட்டை ஒரு கட்டம் மேலும் ஒரு கட்டம் கீழுமாக நகர்த்தி, கண்ணை மூடிக்கொண்டு கேட்கச் சொன்னோம். பத்துத் தடவைக்குப் பின் அவன் பெயரைச் சொல்லாமலே, எது எதுவென்று சரியாக இனங்கண்டான். மூன்று மாதமாகப் பொதிகளைத் திறந்து மூடியவனுக்கு அன்றைக்குத்தான் ஒரு கூட்டின் உள்ளே என்ன இருக்கின்றது என்பது காதுக்குத் தெரிந்தது.

தம்புராவினுள் ஒளிந்திருப்பது

"உது மேல்நாட்டு விடயமல்லவோ? எங்கட பாட்டுக்குப் பொருந்துமோ?" என்று அருகிலிருந்த எமது இல்லாள் கேட்டார். நியாயமான கேள்வியே.

தம்புரா மீட்டுவதை அருகிருந்து கேட்டவர்களுக்கு ஒன்று தெரியும். அதன் தந்திகள் பஞ்சமத்திலும் சட்சத்திலுமே கூட்டப்பட்டிருக்கும். காந்தாரத்துக்கென ஒரு தந்தி இல்லை. எனினும் சுருதி நன்றாகச் சேர்ந்துவிட்டால் அந்தர காந்தாரம் மெல்லியதாய் எங்கிருந்தோ எழுந்து கேட்கும். இது மாயமன்று. விநாடிக்கு 120 தடவை அதிரும் தந்தியொன்று, அதனோடு 240, 360, 480, 600 என்னும் மடங்குகளிலும் சேர்ந்தே அதிர்கின்றது. இவற்றில் 360 பஞ்சமம். 600 அந்தர காந்தாரம். ஆக, ஒரே தந்தியினுள் சட்சமும் காந்தாரமும் பஞ்சமமும் ஏற்கெனவே கூடிக் குடியிருக்கின்றன. மேனாட்டார் அக்கூட்டை வெளியே எடுத்து வரிசைப்படுத்தி, ஒரு கலையாக வளர்த்தனர். நாம் அதனைச் சுருதியாகப் பின்னே நிறுத்தி, முன்னே இராகத்தை வளர்த்தோம்.

இரண்டுக்கும் இடையே ஒரு நுட்பமான பேதமும் உண்டு. இயற்கையான கூட்டில் இம்மூன்று சுரங்களும் 4, 5, 6 என்னும் விகிதத்தில் நிற்கும்; சட்சம் 240 என்றாற் காந்தாரம் 300, பஞ்சமம் 360. கணினியின் கட்டைகளோ தாயியைப் பன்னிரண்டு சம படிகளாகப் பிரித்தவை. அங்கே காந்தாரம் ஏறத்தாழ 302.4, பஞ்சமம் 359.6. பஞ்சமத்தின் வேறுபாடு காதுக்கு எட்டாத அளவு. காந்தாரத்தின் வேறுபாடு, பயின்ற காதுக்கு எட்டும். தம்புராவோடு பாடிப் பழகியவர் கட்டைக் கருவியின் காந்தாரத்தைக் கேட்டு முகஞ்சுளிப்பது இதனாலேதான்.

ஒற்றைக் குரல் இயந்திரங்கள்

கூட்டுகளை ஒவ்வொன்றாகக் கட்டுவது இளைஞனுக்குச் சலிப்பை ஊட்டியது. "ஒரு பொத்தானை அமத்தினால் வாறதை ஏன் சேர் மூண்டு தரம் கீறுவான்?" என்றான். அப்போது அவனுக்கு ஒரு வரலாற்றைச் சொன்னோம்.

அமெரிக்கரான ரொபர்ட் மூக் 1964ஆம் ஆண்டில் உருவாக்கத் தொடங்கிய சிந்தசைசர்களும், 1970இல் வெளிவந்த மினிமூக் என்னும் சிறு கருவியும், ஒரே நேரத்தில் ஒரு சுரத்தை மட்டுமே தர வல்லவை. அவற்றில் மூன்று கட்டைகளைச் சேர்த்து அழுத்தினும் ஒன்றே ஒலிக்கும். 1968இல் வெண்டி கார்லோஸ் என்பவர் பாக்கின் இசையை மூக் கருவியில் இசைத்து ஓர் இசைத்தட்டு வெளியிட்டார். அதிற் பல குரல்கள் கூடி ஒலிப்பது எவ்வாறு? ஒரு குரலை ஒலிநாடாவிற் பதிந்து, அதன்மேல் அடுத்த குரலைப் பதிந்து, இவ்வாறு சுரவழி சுரவழியாக அடுக்கியே அதனை முடித்தார். 1978இல் வெளிவந்த புரொபெற்-5 என்னும் கருவி ஐந்து சுரங்களை ஒருங்கே ஒலித்ததோடு, அமைத்த ஒலிகளை நினைவிலும் வைத்துக்கொண்டது. 1981இல் வந்த கோர்க் பொலிசிக்ஸ் என்னும் கருவியிலோ, ஒரு கூட்டை ஒருதரம் அமைத்துவிட்டால், பின்னர் ஒரு விரலாலேயே அதனை எந்தக் கட்டைக்கும் நகர்த்தும் வசதி இருந்தது.

ஒரு விரற்கூட்டு இழிவானதன்று. சிக்காகோவிலும் டெட்ரோயிற்றிலும் 1980களில் வளர்ந்த ஹவுஸ், டெக்னோ ஆகிய நடன இசைகளில், ஒரே மைனர்க் கூட்டு தன் வடிவம் கலையாமல் மேலும் கீழும் நகர்வதைப் பல பாடல்களிற் கேட்கலாம். அஃது அவ்விசையின் அழகாகவே ஆகிவிட்டது. ஆனால் அங்கே கூட்டுத்தான் பாட்டு. தாளத்தின்மேல் அது ஏறிச் செல்கின்றது. அதனோடு மோதுவதற்கு எண்பது வயது மூதாட்டியின் காந்தாரம் அங்கே இல்லை. பொத்தானை அழுத்துவது குற்றமன்று. பாடுகிறவரைக் கேளாமல் அழுத்துவதே குற்றம்.

எந்தக் கூட்டு, எந்த இடத்தில்?

சங்கராபரணத்தின் ஏழு சுரங்களிலும், ஒவ்வொன்றையும் அடியாகக் கொண்டு ஒன்றுவிட்டு ஒன்றாக மூன்று சுரங்களை எடுத்தால் ஏழு கூட்டுகள் கிடைக்கும். அவற்றிற் சட்சம், மத்திமம், பஞ்சமம் ஆகியவற்றின் மேல் எழுபவை மேஜர். ரிஷபம், காந்தாரம், தைவதம் ஆகியவற்றின் மேல் எழுபவை மைனர். நிஷாதத்தின் மேல் எழுவது மூன்றும் மூன்றுமாக எண்ணப்படும் குறுகிய கூட்டு. அது நிலைகொள்ளாமல் வேறெங்கோ செல்லத் துடிக்கும். தொடக்கப் பயிற்சிக்கு மேஜர் மூன்றுமே போதும். அவை மூன்றிலுமாக ஏழு சுரங்களும் அடங்கிவிடுகின்றன.

தேர்வு செய்வதற்கு ஓர் எளிய வழி உண்டு. பாடுகிறவர் ஓடிச் செல்லும் சுரங்களை விட்டுவிட்டு, அவர் நின்று மூச்செடுக்கும் சுரத்தைக் காணுங்கள். அச்சுரம் எந்தக் கூட்டில் உறுப்பாக உள்ளதோ, அக்கூட்டை அங்கே வையுங்கள். அம்மம்மா முதலடியிற் காந்தாரத்தில் நின்றார், அங்கே ச-க-ப. இரண்டாமடியில் மத்திமத்தில் நின்றார்; அங்கே ம-த-ச. அடி முடியுமுன் ரிஷபத்திற் சற்றே தங்கினார், அங்கே ப-நி-ரி.

இனி, ஒரு கூட்டிலிருந்து மற்றொன்றுக்கு எவ்வாறு செல்வது? தொடக்கத்தில் அவன் மூன்று கோடுகளையும் அப்படியே தூக்கி மேலே வைத்தான். வீடு மாறுகிறவர் தளபாடம் முழுவதையும் ஒரே தடவையில் தூக்கியது போல அது முட்டிமோதிக்கொண்டு சென்றது. பிரெஞ்சு அறிஞர் இராமோ 1722ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில், ஒரு கூட்டின் சுரங்களை மேல்கீழாக மாற்றி அடுக்கினும் அதன் அடிச்சுரம் மாறுவதில்லை என்னும் உண்மையை விளக்கினார். ம-த-ச என்பதை ச-ம-த என்று அடுக்கினாலும் அது மத்திமத்தின் கூட்டே. அவ்வாறு அடுக்கும்போது நிகழ்வதைப் பாருங்கள். ச-க-ப என்பதிலிருந்து ச-ம-த என்பதற்குச் செல்கையிற் சட்சம் அசைவதேயில்லை. காந்தாரம் ஒரு கட்டை ஏறி மத்திமமாகும். பஞ்சமம் இரண்டு கட்டை ஏறித் தைவதமாகும். ச-க-ப என்பதிலிருந்து நி-ரி-ப என்பதற்குச் செல்கையிற் பஞ்சமம் இருந்தபடி இருக்கும். மற்ற இரண்டும் ஓரடி ஈரடி இறங்கும். நிற்க வேண்டியது நின்று, நகர வேண்டியது மட்டும் நகர்ந்தால், தொட்டில் ஆடுவது போல இசை ஆடும்.

மற்றுமொன்று: தாழ்ந்த தாயியில் மூன்று சுரங்களையும் நெருக்கி வைத்தால் உரலுக்குள் இடித்தது போல உறுமும். அடிச்சுரத்தை மட்டும் கீழே விட்டு, மற்றவற்றை மேலே தூக்கி வைத்தவுடன் ஒலி தெளிந்தது.

அம்மம்மாவின் சுருதி

இவ்வளவு செய்தும் பாட்டு உயிர் பெறவில்லை. காரணம், அந்தத் "திருத்திய" குரல். அச்செயலி ஒவ்வொரு சுரத்தையும் அண்மையிலுள்ள கட்டைக்கு இழுத்து நிறுத்தியிருந்தது. மூதாட்டி ஒரு சுரத்திலிருந்து மறுசுரத்துக்கு வழுக்கிச் சென்ற இடமெல்லாம் படிக்கட்டாக வெட்டுண்டு கிடந்தன. தாலாட்டின் இனிமை முழுதும் அந்த வழுக்கலிலேயே இருக்கின்றது.

திருத்தாத பதிவைப் போடச் சொல்லிக் கேட்டோம். அவருடைய சட்சத்தின் மீடிறனைக் கணினியில் அளந்தபோது ஏறத்தாழ 180 ஹேர்ட்ஸ் இருந்தது. பியானோவில் 174.6இல் ஒரு கட்டை உண்டு. 185இல் அடுத்த கட்டை உண்டு. அம்மம்மாவோ இரண்டுக்கும் நடுவே, எந்தக் கட்டையிலும் இல்லாத இடத்தில் அமர்ந்து பாடியிருந்தார். அவர் எந்தக் கருவியையும் கேட்டுப் பாடியவரல்லர். தொட்டிற் கயிற்றின் அசைவைக் கேட்டுப் பாடியவர்.

"தம்பி, பாட்டியைக் கட்டைக்கு இழுக்காதே. கட்டையைப் பாட்டியிடம் கொண்டு போ" என்றோம்.

அது கடினமன்று. ரூபாவுக்கு நூறு சதம் போல, ஒரு கட்டைக்கும் அடுத்த கட்டைக்கும் உள்ள தூரத்தை நூறு சதமாகப் பிரித்திருக்கின்றார்கள். சிந்தசைசர்ச் செயலிகளில் நுண்சுருதிக்கென ஒரு திருகு உண்டு. 185இலுள்ள கட்டையை 47 சதம் இறக்கினால் 180 வரும். இளைஞன் அதைச் சிறிது சிறிதாகத் திருகினான். சுருதி சேர்ந்த அக்கணத்தில் அவனுடைய கை தானாகவே நின்றது. எண்ணைப் பார்த்தன்று, காதாற் கேட்டு நின்றது. சுருதியைத் தாய் என்று எமது முன்னோர் கூறியதன் பொருளை அவ்வேளையில் அவன் முகத்திற் கண்டோம்.

பின்னர் ஒரேயொரு வேலை எஞ்சியிருந்தது: நீக்குவது. அம்மம்மா சுரத்தை அசைத்துப் பாடிய இடங்களிற் கூட்டிலிருந்த காந்தாரத்தை எடுத்துவிட்டு, தம்புராவைப் போலச் சட்சமும் பஞ்சமமும் மட்டும் விட்டோம். நீலாம்பரியில் வழமையான காகலி நிஷாதத்தோடு கைசிகி நிஷாதமும் ஓரோரிடத்தில் எட்டிப் பார்க்கும். அவ்விடத்தில் ப-நி-ரி என்பதிலிருந்து நிஷாதத்தைக் களைந்தோம். மூன்றாமடியில் அவருடைய குரல் சற்றே தளர்ந்து இறங்கியிருந்தது. அங்கே கூட்டின் ஒலியையே தணித்து, அவரைத் தனியே பாட விட்டோம். இரவு பத்து மணியாயிற்று. இறுதியிற் பாட்டில் எஞ்சியவை மூன்றே கூட்டுகள். அவற்றிலும் பாதி, முழுமையற்றவை.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை

பிள்ளைகள் கணினியில் இசையமைக்கப் புகுந்தால், அது வீண்பொழுது என்று கடிந்துகொள்ள வேண்டா. எல்.எம்.எம்.எஸ். போன்ற இலவசச் செயலி ஒன்றும், காதை மூடும் ஒலிகேட்கும் கருவி ஒன்றும் இருந்தாற் பழகத் தொடங்கலாம். முதல் ஒரு மாதத்துக்கு ஆயத்தக் கூட்டுகளைத் தொடாமல், சட்சம்-பஞ்சமத்தின் நடுவே காந்தாரத்தை வைத்தும் எடுத்தும் கேட்கச் சொல்லுங்கள். பின்னர் மூன்று மேஜர்க் கூட்டுகளை, அசைவு குறைந்த வழியில் ஒன்றிலிருந்து ஒன்றுக்கு நகர்த்தப் பழகச் சொல்லுங்கள். அதன்பின் வீட்டிலே பாடத் தெரிந்த ஒருவரைப் பாடச் செய்து, அந்தக் குரலுக்கு அடியிற் கூட்டமைக்கச் சொல்லுங்கள். பாடும் முதியோர் இன்னும் எம்மிடையே இருக்கும்போதே இதனைச் செய்வது நன்று.

மறுநாட் காலை இளைஞன் மீண்டும் வந்தான். அம்மம்மாவுக்குப் பாட்டைப் போட்டுக் காட்டினானாம். அவர் கண்ணை மூடி முழுவதையும் கேட்டிருந்துவிட்டு, "இது நான்தான். ஆனால் எனக்குப் பின்னாலை ஆரோ சுருதி பிடிக்கினம். ஆர் மோனை அது?" என்று கேட்டாராம்.

"நீ என்ன சொன்னாய்?" என்றோம்.

"'அது நான்தான் அம்மம்மா' எண்டு சொன்னனான், சேர்" என்றான்.

பாட்டு அன்றைக்கே கனடாவுக்குச் சென்றுவிட்டது.